ஐம்பத்தைந்து டெசிபல்

மினாராவிலிருந்து குழாயை இறக்கும் வேலையை
என்னிடமே கொடுத்தார்கள்.
ஏற்றியவனும் நான்தானே.
இடுப்பில் கயிறு, கீழே
தாராவியின் தகரமும் நீலத் தார்ப்பாயும்.
நான்கு போல்ட்டுக்கு முக்கால் மணி நேரம். துரு.
குழாய்க்குள் ஒரு புறாக்கூடு,
இரண்டு முட்டை.
கீழே இரண்டு போலீஸ்காரர்கள்
வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.
முட்டையை என்ன செய்வதென்று
எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.

சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

தொண்ணூறடி ரோட்டில் என் கடை, மஸ்தான் சவுண்ட் சர்வீஸ்.
கணபதி பந்தலுக்கும் நான்தான்,
மாதா கோயில் திருவிழாவுக்கும்,
வார்டு தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும்.
காலையில் "அவர்களை அடக்குவோம்" என்றவருக்கும்
சாயங்காலம் "என் இஸ்லாமியச் சகோதரர்களே" என்று
குழைந்தவருக்கும்
ஒரே மைக்.
இடையில் எச்சிலைத் துடைத்துவைப்பது
அவர்களில் ஒருவனான நான்.
முதலாமவர் கையோடு ரொக்கம் தந்துவிடுவார்.
சகோதரர்
மூன்று தேர்தலாக பாக்கி.

முட்டைகளைப் பஞ்சில் பொதிந்து
ஆம்ப்ளிஃபயர் மேல் வைத்தேன்.
பிரச்சார காலம், இரவெல்லாம் அது கொதிக்கும்.
பொரிக்கவில்லை.

ஜமாஅத்தில் ஒலிமானி வாங்கினார்கள்.
செயலாளர் திவான் மைதீன் நோட்டுப் போட்டு எழுதினார்:
லுஹர் ஐம்பத்திரண்டு.
அஸர் ஐம்பத்துநான்கு.
அஸருக்குக் குறுக்கே போன பெஸ்ட் பஸ் எண்பத்தொன்று.
சுபுஹு இரவுக் கணக்கில் வருவதால்
அந்தக் கட்டத்தில் ஒரு கோடு.
மாதம் பிறந்தால் நோட்டை எடுத்துக்கொண்டு
ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்,
மார்க் ஷீட்டோடு நிற்கும் பையனைப் போல.

நோன்பு திறக்க வேட்பாளர் வந்தார்.
புதுத் தொப்பி, மடிப்புக் கலையவில்லை,
பின்பக்கம் விலைச்சீட்டு.
கஞ்சியை இரண்டு வாய் குடித்துவிட்டு
குனிந்து கேட்டார்:
"ஜும்மா பயானில் நம்மைப் பற்றி ஒரு வார்த்தை..."
செயலாளர் சொன்னார்:
"மிம்பர் வாடகைக்கு இல்லை."
பக்கத்தில் இருந்தவன் நான்.
என் வாடகை ரசீதுப் புத்தகம்
பையில் கனத்தது.
அந்த மனுஷனை அன்றைக்கு
எழுந்து நின்று ஸலாம் சொல்லத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு
செய்யதலி பாத்துமா வந்தாள்.
தோல்பை கம்பெனியில் பேக்கிங் வேலை,
விரல் நுனியெல்லாம் பசை காய்ந்திருக்கும்.
பின்னால் பதினொரு பெண்கள்.
மாடி ஹால் பூட்டித்தானே கிடக்கிறது,
தராவீஹ் தொழ எங்களுக்குத் திறந்துவிடுங்கள் என்றாள்.
ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார்.
ஒருவர் ஃபித்னா என்றார்.
மிம்பரை வாடகைக்கு விடாத அதே திவான் மைதீன்
"மெதுவாப் பேசும்மா, இது பள்ளிவாசல்" என்றார்.

மேஜையில் மானி அணைக்கப்படாமல் இருந்தது.
அவள் அதை எட்டிப் பார்த்தாள்.
"நாப்பத்தொம்பதுதான் காட்டுது காக்கா,
இன்னும் ஆறு பாக்கி இருக்கு."

மோதினார் இருமினார். சிரிப்பை அப்படித்தான் அடக்குவார்.
அடுத்த கூட்டத்தில் பரிசீலிப்போம் என்று
தீர்மானம் எழுதினார்கள்.
அந்த வாசகம் எனக்கு மனப்பாடம்,
என் மைக்கில் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்.

மாடி ஹாலில்தான் பள்ளியின் பழைய ஆம்ப்ளிஃபயர் கிடக்கிறது.
அதனால் ஒரு சாவி
என்னிடமும் உண்டு.
கூட்டத்தில் நான் வாயைத் திறக்கவில்லை.
என்னை அளந்திருந்தால்
அந்தக் கட்டத்திலும் ஒரு கோடுதான்.

இன்று சுபுஹுக்கு
மோதினார் காதர் அலி மொட்டைமாடியில் நின்று
வெறுந்தொண்டையில் பாங்கு சொன்னார்.
முட்டுச்சந்து ஊறுகாய்க் கடை வரை வந்து
குரல் நின்றுவிட்டது.
அதற்கு அப்பால் நாலாவது வீடு பாத்துமாவுடையது.

சாவியை வளையத்திலிருந்து கழற்றிக்கொண்டு
ஊறுகாய்க் கடையைத் தாண்டி நடந்தேன்.
நாய் ஒன்று குரைத்தது.
எண்பது இருக்கும்.